உடைந்த சாவி சுவிட்ச், வீட்டுக் கருவிகள்: ஒரு 125 சிசி வண்டியின் நிகழ்வு ஆய்வு

கார்புரேட்டர் வைத்த, பிஎஸ்-6 புகை விதி வருவதற்கு முந்தைய 125 சிசி வண்டி. சொந்தக்காரர் சென்னையில் சிறிய டிஃபன் கடை வைத்திருக்கும் நண்பர். இரவில் வாசலில் நின்ற வண்டியை யாரோ கிளப்பிக்கொண்டு போகப் பார்த்திருக்கிறார்கள். சாவித் துவாரத்தில் கனமான எதையோ செருகி முறுக்கியிருக்கிறார்கள். அது பலிக்காமல், ஹேண்டிலை உதைத்து லாக்கை உடைக்கவும் முயன்றிருக்கிறார்கள். வண்டி தப்பியது, சுவிட்ச் தப்பவில்லை. சாவி பாதிதான் இறங்கியது, திரும்பவும் இல்லை. லாக்கின் முள் வளைந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஹேண்டில் நேராக வந்துவிட்டது, ஆனால் இடப்பக்கம் முழுதாகத் திருப்பினால் எங்கோ உரசியது.

இந்த நிலையில் உள்ள வண்டியை எப்படியாவது ஸ்டார்ட் செய்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகலாம் என்று பலருக்கும் தோன்றும். கூடவே கூடாது. பாதி வெளியே நிற்கும் முள், ஒரு வளைவில் ஹேண்டிலைத் திருப்பும்போது நெக்கிலுள்ள (ஹேண்டில் தண்டு நுழையும் ஃப்ரேம் குழாயிலுள்ள) துளைக்குள் விழுந்துவிட்டால் ஹேண்டில் அங்கேயே பூட்டிக்கொள்ளும். ஓடும் வண்டியில் அதற்குமேல் செய்ய எதுவும் இருக்காது. அதனால் வண்டி வாசலிலேயே நிற்கட்டும், இங்கேயே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

"இதுக்கு ஸ்பெஷல் டூல் வேணும்ணே, வீட்டுல முடியாது" என்று நண்பரின் கடைப் பையன் சொன்னான். அவன் சொன்னதில் பாதி உண்மை. சாவி சுவிட்சைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் திருடன் சுலபமாகக் கழற்றிவிடக் கூடாது என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் விசேஷத் தலைகள் வைக்கிறார்கள். சிலவற்றில் நட்சத்திரக் குழியும் நடுவில் ஒரு குச்சியும் இருக்கும். வேறு சிலவற்றில், முறுக்கும்போது குறிப்பிட்ட விசை வந்ததும் அறுகோணத் தலை முறிந்து விழுந்து, வழுவழுப்பான வட்ட மொட்டு மட்டும் மிஞ்சும். விசேஷக் கருவி தேவைப்படுவது அந்த இரண்டு போல்ட்டுகளுக்காகத்தான். மற்றபடி லாக்கின் முள் சரியாக உட்காருவது, கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளக்), வயர் ஓடும் வழி எல்லாமே சாதாரண ஸ்பேனர், ஒரு மல்டிமீட்டர், கொஞ்சம் பொறுமை இருந்தால் முடிகிற வேலை. வண்டியில் போகிறவரின் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய தவறுகள் எல்லாம் இந்த மற்ற பகுதியில்தான் நடக்கின்றன. போல்ட்டைக் கழற்றியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

சாவி சுவிட்ச் என்பது ஒரே கூட்டுக்குள் இருக்கும் இரண்டு பொருள்கள். மேல்பாதி ஒரு பூட்டு: சாவி நுழையும் உருளை, அதோடு சேர்ந்து ஹேண்டில் லாக்கின் முள். கீழ்பாதி மின்சார சுவிட்ச்: செம்புத் தகடுகள் பதித்த ஒரு சிறு பிளாஸ்டிக் வட்டு. இரண்டு மூன்று சின்ன ஸ்க்ரூவோ கொக்கியோ அதை மேல்பாதியோடு பிடித்திருக்கும். பல மாடல்களில் கீழ்பாதியைத் தனியாகக் கழற்றலாம். திருட்டு முயற்சியில் பெரும்பாலும் மேல்பாதிதான் போகிறது. சாவி நன்றாகத் திரும்பியும் மீட்டரில் விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு கீழ்பாதியிலோ கப்ளரிலோ இருக்கும். எது போயிருக்கிறது என்று முதலில் பிரித்துத் தெரிந்துகொண்டால் வீண் செலவு இல்லை.

இந்த வண்டியில் சுவிட்சிலிருந்து நான்கு வயர்கள் வந்தன. நிறங்கள் ஹோண்டா வழக்கம்: சிவப்பு பேட்டரியிலிருந்து வருவது, கறுப்பு சாவி போட்டபின் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு ஆகியவற்றுக்குப் போவது, பச்சை எர்த், கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டது இன்ஜினை நிறுத்துவது. சாவி ஆன் நிலைக்கு வந்தால் சிவப்பும் கறுப்பும் சேர வேண்டும். ஆஃப் நிலையில் கறுப்பு-வெள்ளையும் பச்சையும் சேர வேண்டும். இன்ஜினிலுள்ள காயிலிலிருந்தே, ஸ்பார்க்கைக் கிளப்பும் சிடிஐ யூனிட்டுக்கு மின்சாரம் போகும் வண்டிகளில், நிறுத்தும் வயரை எர்த்தில் சேர்த்தால்தான் இன்ஜின் அணையும். அந்தத் தொடர்பு விட்டுப்போனால் சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி மின்சாரத்தில் இயங்கும் சிடிஐ வண்டிகளும், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளும் இதற்கு நேர்மாறு. அவற்றில் சுவிட்ச் தொடர்பு விட்டால் வண்டி ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடும்.

நிறத்தை மட்டும் நம்பி வயரைச் சேர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹோண்டா வழக்கத்தில் இன்ஜினை நிறுத்தும் அதே கறுப்பு-வெள்ளை வயர், சுசுகி வழக்கத்தில் எர்த். சாவி போட்டபின் மின்சாரம் வரும் வயர் ஹோண்டாவில் கறுப்பு, யமஹாவில் பழுப்பு, சுசுகியில் ஆரஞ்சு. வேறொரு வண்டியின் சுவிட்சை நிறம் பார்த்து ஒட்டிப் போடுவது ஆபத்தான வேலை. எந்த வயர் எதோடு சேர்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே எதையும் இணைக்க வேண்டும்.

பழைய சுவிட்சின் கீழ்பாதியைச் சோதித்தோம். உடைந்த உருளையை விட்டுவிட்டு, வட்டின் நடுத்தண்டை நேரடியாகத் திருப்பியதில் தொடர்புகள் சரியாகவே இருந்தன. மேல்பாதி மட்டும்தான் போயிருந்தது. இருந்தாலும் சுவிட்ச், டேங்க் மூடி, சீட் லாக் மூன்றும் ஒரே சாவியில் வரும் முழு லாக் செட்டை வாங்கச் சொன்னேன். திருட வந்தவன் தெருவை அறிந்தவனாக இருக்கலாம், மறுபடியும் வரலாம். பாதி பழையது பாதி புதியது என்று இரண்டு சாவி வைத்துக்கொண்டு தினமும் அல்லாடவும் வேண்டாம். ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடையில் வண்டியின் மாடல், ஆண்டு சொல்லி வாங்கி வந்தார். பழைய உதிரிபாகச் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும்தான். ஆனால் பூட்டு விஷயத்தில் பழையதை நான் பரிந்துரைப்பதில்லை. உருளை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது, அதன் இன்னொரு சாவி யார் கையில் இருக்கிறது என்பதும் தெரியாது.

புதிய சுவிட்ச் வந்ததும் பழையதைக் கழற்ற உட்காரக் கூடாது. முதலில் ஹெட்லைட்டைக் கழற்றி, டூமுக்குள் (ஹெட்லைட்டின் கூட்டுக்குள்) இருக்கும் கப்ளரைப் பிரித்து, பழைய சுவிட்சை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, புதியதைக் கப்ளரில் மாட்டித் தொங்கவிட்டுச் சோதிக்க வேண்டும். கப்ளரைத் தொடும் முன் பேட்டரியின் மைனஸ் வயரை எடுத்துவிட்டு, சோதனைக்காக மறுபடி மாட்டலாம். இந்த ஒரு சோதனையால் மூன்று விஷயங்கள் தெரிந்துவிடும்: வாங்கிய பொருள் சரியானதா, கப்ளர் பொருந்துகிறதா, வண்டியின் வயரிங் நலமா. தவறான பொருள் என்றால் கீறல் இல்லாமல் கடையில் திருப்பிக் கொடுக்கலாம்.

நியூட்ரல் விளக்கு எரிந்தது. இன்ஜின் கிளம்பியது, சாவியைத் திருப்பியதும் நின்றது. ஆனால் ஹாரன் தொண்டை கட்டியதுபோல் ஒலித்தது, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் சோர்ந்தது. புதிய சுவிட்ச், பேட்டரியும் நல்லது. இங்கேதான் மல்டிமீட்டர் தன் கூலியைச் சம்பாதித்தது.

பேட்டரி முனைகளில் 12.5 வோல்ட். பிரேக்கை மிதித்து விளக்கை எரியவிட்டுக்கொண்டு, பேட்டரியின் பிளஸ்ஸில் மீட்டரின் ஒரு முனையையும் கறுப்பு வயரில் மறு முனையையும் வைத்தோம். 1.4 வோல்ட் காட்டியது. அதாவது வழியிலேயே அவ்வளவு தொலைகிறது. நல்ல நிலையில் உள்ள வண்டியில் இது 0.2 வோல்ட்டைச் சுற்றி இருக்க வேண்டும், அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ கோளாறு என்று நான் எடுத்துக்கொள்வேன். முனையைப் படிப்படியாக நகர்த்திப் பார்த்தோம். கப்ளருக்கு முன்னால், வண்டிப் பக்கச் சிவப்பு வயரில் இழப்பு மிகச் சொற்பம். கப்ளரைத் தாண்டியதும் எகிறியது. பிரித்து வெளிச்சத்தில் பார்த்தால், வண்டிப் பக்கக் கப்ளரில் சிவப்பு வயரின் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக இளகியிருந்தது.

காரணம் பக்கத்திலேயே இருந்தது. முன்பு எப்போதோ பொருத்திய கூடுதல் எல்இடி விளக்குகளுக்கு இந்த சுவிட்ச் வழியாகவே மின்சாரம் எடுத்திருந்தார்கள். கறுப்பு வயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் ஒட்டியிருந்தது. சின்ன வண்டிகளின் சாவி சுவிட்ச் அவ்வளவு பாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல. கூடுதல் மின்னோட்டத்தில் முனை சூடாகும், சூட்டில் அதன் பிடி தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். திருட்டு நடக்காவிட்டாலும் சில மாதங்களில் இந்த வண்டி எங்காவது நடுவழியில் நின்றிருக்கும். தொங்கவிட்டுச் சோதிக்காமல் நேரே பொருத்தியிருந்தால், பிறகு பழியெல்லாம் புது சுவிட்சின் தலையில் விழுந்திருக்கும்.

கப்ளர் முனையின் பின்னால் ஒரு சிறு நாக்கு பிளாஸ்டிக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். முன்பக்கத்திலிருந்து மெல்லிய கோணி ஊசியை நுழைத்து அதை அழுத்தினால் முனை பின்வழியாக வயரோடு வெளியே வரும். கருகிய முனையை வெட்டிவிட்டு, நல்ல செம்பு தெரியும்வரை வயரைச் சீவி, புதிய முனையை இறுக்கினோம். பழைய முனையையே நோஸ் பிளையரால் நெருக்கிப் போட்டாலும் அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் ஒருமுறை சூடுபட்ட பித்தளைக்கு ஸ்பிரிங் போய்விடும், மறுபடி தளரும். எல்இடி விளக்குகளின் இணைப்பைப் பேட்டரியிலிருந்து ஃப்யூஸும் ரிலேயும் வைத்துத் தனியாகக் கொடுத்தோம். மறுபடி அளந்தபோது இழப்பு 0.15 வோல்ட்.

அடுத்தது போல்ட்டுகள். இந்த வண்டியில் சுவிட்ச், ஃபோர்க்கின் மேல் தகட்டுக்கு அடியிலிருந்து இரண்டு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருந்தது. இரண்டும் தலை முறிந்த ரகம். மேல் தகட்டையே கழற்றி மேசையில் வைத்துத் துளையிடுவது ஒரு வழி. அதற்கு ஹேண்டில், ஃபோர்க் மேல் போல்ட், நெக் நட் எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும், பிறகு கோன் செட்டின் (ஹேண்டில் திரும்பும் பேரிங்கின்) இறுக்கத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். அது தெரிந்தவர்கள் செய்யலாம். நாங்கள் ஸ்பீடோமீட்டரையும் டூமையும் கழற்றிவிட்டு, கிடைத்த இடைவெளியில் கீழிருந்தே வேலை செய்தோம்.

முதல் போல்ட் உளிக்கு மசிந்தது. கூரான சின்ன உளியை மொட்டின் விளிம்பில், நடுவுக்கு நேராக அல்லாமல் ஓரத்தைத் தள்ளும் கோணத்தில் வைத்து, இடஞ்சுழியாகத் தட்ட வேண்டும். முதல் சில தட்டு நேராகக் குத்திப் பள்ளம் விழ, அப்புறம் சாய்த்துத் திருப்ப. பலமாக அடிக்கக் கூடாது. அடியின் அதிர்ச்சி கோன் செட்டின் குண்டுகளுக்குப் போகும், அங்கே பள்ளம் விழுந்தால் பிறகு ஹேண்டில் நேரான நிலையில் கடகடவென்று மாட்டும். ஒருவர் ஹேண்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது அவசியம், இல்லாவிட்டால் அடி முழுதும் ஹேண்டிலைத் திருப்புவதிலேயே போய்விடும்.

இரண்டாவது அசையவில்லை. உளிபட்ட இடம் நசுங்கியதுதான் மிச்சம். திரெட்டில் பசை போட்டிருப்பார்கள் என்று தோன்றியது. அந்தப் பசை சூட்டில் இளகும், ஆனால் பக்கத்தில் பெட்ரோல் டேங்கும் கார்புரேட்டரும் இருக்கும்போது கேஸ் டார்ச், மெழுகுவர்த்தி, லைட்டர் எதையும் அங்கே கொண்டு போகவே கூடாது. டேங்கைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், பெரிய சால்டரிங் அயர்னின் முனையைப் போல்ட்டின் மேல் அழுத்திச் சில நிமிடங்கள் வைத்திருந்தோம். பிறகு ஹேக்சா பிளேடின் ஒரு துண்டைத் துணி சுற்றிப் பிடித்து, மொட்டின் குறுக்கே காடி வெட்டினோம். நேரம் பிடிக்கிற வேலை, விரல் வலிக்கும். தண்டு சதுரமாக உள்ள கெட்டியான ஸ்க்ரூடிரைவரை அந்தக் காடியில் அழுத்தி, தண்டில் ஸ்பேனரை மாட்டித் திருப்பியதும் டக்கென்று விட்டது. அப்போதும் வராமல் போயிருந்தால், மொட்டைத் துளையிட்டு நீக்கிவிட்டுச் சுவிட்சை எடுப்பது கடைசி வழி. சுவிட்ச் போனபின் போல்ட்டின் உடல் கொஞ்சம் வெளியே நீட்டும், இறுக்கம் போன அதை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பிவிடலாம்.

பொருத்தும் முன் நெக்கைப் பார்த்தோம். உதை வாங்கிய வண்டி அல்லவா. முள் நுழையும் துளையின் விளிம்பு பிதுங்கியிருந்தது. உரசல் சத்தம் அங்கிருந்துதான் வந்தது. அரத்தால் பிதுங்கலை மட்டும் நீவி, பெயின்ட் தொட்டோம். ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது தடுத்து நிறுத்தும் இரும்புத் தடுப்பு வளையவில்லை, வெல்டிங்கில் விரிசலும் இல்லை. தடுப்பு வளைந்திருந்தாலோ விரிசல் கண்டிருந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, ஃப்ரேம் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருப்போம்.

புதிய போல்ட்டைப் பொருத்தவும் விசேஷக் கருவி வேண்டும் என்று ஒரு தவறான எண்ணம் உண்டு. தலை முறியும் போல்ட்டைக் கழற்றத்தான் சிரமம், பொருத்தச் சாதாரண ஸ்பேனரே போதும். இறுக்கிக்கொண்டே போனால் தலை தானே முறியும். கிடைத்தால் அதைப் போடுவதே நல்லது. எங்களுக்கு அந்த அளவில் கிடைக்கவில்லை. பழையதைப் போல்ட் கடைக்கு எடுத்துப் போய், அதே 8 மி.மீ. திரெட்டில், அதே நீளத்தில், 8.8 தரத்தில், தலையில் அறுகோணக் குழியுள்ள ஆலன் போல்ட் வாங்கினோம். நீளம் மிக முக்கியம். அதிக நீளமான போல்ட் துளையின் அடியில் முட்டிக்கொண்டு இறுகியதுபோல் காட்டும், சுவிட்சோ ஆடிக்கொண்டிருக்கும்.

இரண்டு போல்ட்டையும் விரலால் மட்டும் இறுக்கிவிட்டு, ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பி லாக் போட்டு எடுத்துப் பார்த்தோம். போல்ட் துளைகளில் மயிரிழை இடைவெளி இருக்கும். அதற்குள் சுவிட்சை லேசாக அசைத்து, முள் எங்கும் உரசாமல் துளையில் விழும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் நடுத்தர பலமுள்ள திரெட் பசை ஒரு சொட்டு, பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குவது.

எவ்வளவு இறுக்குவது? உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் எண் இருந்தால் அதுதான் கணக்கு. எங்களிடம் டார்க் ரெஞ்சும் இல்லை, கையேடும் இல்லை. 8 மி.மீ. போல்ட் அலுமினியத்தில் இறங்குகிறது என்பதால் 20 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று நண்பர் வீட்டில் இருந்தது. ஆலன் கீயின் மேல் ஒரு குழாயைச் செருகி, போல்ட்டின் மையத்திலிருந்து சரியாக 20 செ.மீ. தள்ளிக் கொக்கியை மாட்டி, செங்கோணத்தில் இழுத்தோம். தராசு 10 கிலோ காட்டும்போது கிட்டத்தட்ட 20 நியூட்டன் மீட்டர். கை மதிப்பை விட இது எவ்வளவோ நம்பகமானது.

ஆலன் போல்ட்டை அப்படியே விட்டால் சாவிக் கொத்தில் ஆலன் கீ வைத்திருப்பவன் எவனும் கழற்றிவிடுவான். அதனால் குழிக்குள் அடங்கும் அளவில் ஒரு சைக்கிள் பேரிங் குண்டை வைத்து, சுற்றிலும் அரால்டைட் நிரப்பி மூடினோம். நாளைக்கு நமக்கே கழற்ற வேண்டியிருந்தால், சால்டரிங் அயர்னால் சூடாக்கிப் பசையை இளக்கிக் குண்டை நெம்பி எடுத்துவிடலாம்.

கடைசிச் சோதனையை இன்ஜின் ஓடும்போது செய்ய வேண்டும். சென்டர் ஸ்டாண்டில், நியூட்ரலில், ஐட்லிங்கில் விட்டு, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்பினோம். எந்த நிலையிலும் நியூட்ரல் விளக்கு சிமிட்டக் கூடாது, இன்ஜின் இருமக் கூடாது, சுவிட்ச் வயர் விறைக்கக் கூடாது. இன்ஜின் வேகம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். டூமைக் கழற்றி மாட்டும்போது கேபிள் வழி மாறிவிடுவது சகஜம், ஆரம்பத்திலேயே போனில் படம் எடுத்துக்கொண்டது இங்கே உதவியது. இடக்கோடியில் சுவிட்ச் வயர் சற்று விறைத்தது. வயரைப் பிடிக்கும் கிளிப்பை ஒரு விரல் அளவு பின்னே நகர்த்தியதும் சரியானது. கப்ளரை உள்ளே தள்ளும் முன் வயர்களை ஒவ்வொன்றாக லேசாக இழுத்தும் பார்த்தோம். சாவி ஆன் நிலையில் இருக்கும்போது லாக்கின் முள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துக் கண்ணால் பார்த்த பிறகுதான் நண்பர் வண்டியைத் தெருவில் இறக்கினார்.

புதிய பூட்டில் எண்ணெய் விட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாவி இறுகினால் கிராஃபைட் தூள் போதும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளிலும் இதே வரிசையில் வேலை செய்யலாம். ஆனால் சாவிக்குள் சிப் வைத்த வண்டி, சாவியே இல்லாத ஸ்மார்ட் கீ வண்டி என்றால் புதிய சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்த கம்பெனி கருவி வேண்டும். அங்கே வீட்டு வேலை செல்லாது.

கடைசியாகக் காகித வேலை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளச் சொன்னேன். முழுக் காப்பீடு இருந்தால் திருட்டு முயற்சியில் ஏற்பட்ட சேதத்துக்கும் கேட்கலாம், ஆனால் வேலையைத் தொடங்கும் முன்பே தகவல் சொல்லி, சேதத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும். நண்பரிடம் இருந்தது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே, அதனால் அந்த வழி இல்லை. முழுக் காப்பீடு உள்ளவர்கள் லாக் செட் வாங்கிய பில்லைத் தொலைக்காமல் ஆர்.சி. நகலோடு சேர்த்து வையுங்கள். வண்டி பின்னாளில் திருடுபோய்விட்டால் காப்பீட்டு நிறுவனம் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். நீங்கள் கொடுக்கும் சாவி வண்டி வாங்கியபோது வந்த சாவியாக இருக்காது. ஏன் மாறியது என்பதற்கு அந்தப் பில்லும் சி.எஸ்.ஆர். ரசீதும்தான் சாட்சி.